செட்டு என்றொரு சொல்

பெங்களூரில், நீலசந்திராவின் கடைத்தெரு முனையில், ஒரு நாள் காலை அரைமணி நேரம் நின்றுகொண்டிருந்தோம். நின்றதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. எதிர்பார்த்த பேருந்து வரவில்லை. அந்த அரைமணிக்குள் ஒரே ஆங்கிலச் சொல் ஏழு முறை நம் காதில் விழுந்தது. எதிரே இருந்த சிற்றுண்டிச் சாலையில் ஒருவர் ‘செட் தோசை’ கேட்டார். முதல்நாள் போட்ட தளம் ‘செட் ஆகிவிட்டது’ என்று கொத்தனார் மேஸ்திரியிடம் கூறினார். அம்மன் திருவிழாவுக்கு ‘மைக் செட்’ பேசியாயிற்றா என்று இளைஞர் இருவர் தமக்குள் வினவிக்கொண்டனர். ஒரு சிறுமி ‘ஜியாமெட்ரி செட்’டை வீட்டிலேயே மறந்துவிட்டதாகத் தாயிடம் கண்கலங்கினாள். ‘செட்டாப்’ பெட்டி பழுதாகி இரண்டு நாளாகத் தொலைக்காட்சி தெரியவில்லை என்று ஒரு மூதாட்டி குறைப்பட்டார். அவர் அருகில் நின்ற முதியவருக்கோ தம் ‘பல்செட்’டைப் பற்றிய குறை. கைபேசியில் பேசிக்கொண்டே சென்ற ஓர் இளைஞர், ‘அந்த வேலை எனக்குச் செட் ஆகாது’ என்று முடித்தார். பேசிய அனைவரும் தமிழர். அவர்களுள் ஒருவரும் தாம் ஆங்கிலம் பேசியதாக நினைத்திருக்க மாட்டார்.

நீலசந்திராவில் இது வியப்பன்று. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைவீடு அமைத்த காலந்தொட்டு, சென்னை மாகாணத்துப் பட்டாளங்களோடும் அவற்றின் பின்னரும் வந்த தமிழ்க் குடும்பங்கள் அதைச் சுற்றிலும் குடியேறின. கன்னட மக்கள் ‘தண்டு’ என்று வழங்கிய அப்பகுதி 1947ஆம் ஆண்டில்தான் மைசூர் அரசின் ஆளுகைக்குத் திரும்பிற்று. ஆஸ்டின் டவுனை அடுத்துள்ள நீலசந்திராவில் தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் ஒரே குழாயடியில் நீர் பிடிக்கின்றன. ஊரின் பெயரையே பாருங்கள். பொம்மசந்திரா, சிங்கசந்திரா, திப்பசந்திரா என்று பெங்களூரைச் சுற்றி இவ்வாறு முடியும் ஊர்கள் பல உள்ளன. பெரிய ஏரியைச் ‘சமுத்திரம்’ என்றழைத்த வழக்கே கன்னடத்தில் இப்படிச் சுருங்கியது என்று கூறுவர். நம் அம்பாசமுத்திரத்தில் உள்ள அதே சமுத்திரந்தான். தமிழில் எழுதும்போது அந்த ஏரி நிலவாகிவிட்டது. அதனால் எவர்க்கும் தீங்கில்லை. ஆனால் ஒரு சொல் மற்றொரு சொல்லின் வேடத்தில் வீட்டுக்குள் நுழைந்து, இரண்டு குடும்பங்களை இரண்டு மாதம் பேசாமல் இருக்கச் செய்ததையும் நாம் அறிவோம்.

அது நமக்குப் பழக்கமான வீடு. ஆரணிப் பக்கத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்து நீலசந்திராவில் தங்கிய குடும்பம். மூத்த மகனுக்கு ஊர்ப் பக்கத்திலேயே பெண்ணெடுத்தார்கள். மருமகள் புதிய நகரத்தின் இரைச்சலுக்கும் குளிருக்கும் பழகாமல் சற்றே வாடியிருந்தாள். கல்லூரியில் படிக்கும் நாத்தனார் ஊரிலுள்ள பாட்டிக்குத் தொலைபேசியில், ‘அண்ணி இன்னும் செட் ஆகலை, ஆயா’ என்றாள். அவள் கருதியது, அண்ணி இன்னும் இங்கே பொருந்தவில்லை என்பது; பரிவோடு சொன்ன சொல். ஆயாவின் காதில் விழுந்ததோ வேறு. பெண் செட்டாக இல்லை, அதாவது சிக்கனமாக இல்லை, கை நீளம் என்பது. மறுநாளே அவர் சம்பந்தியம்மாளை வழியில் நிறுத்தி, ‘பெண்ணுக்குச் செட்டாகக் குடித்தனம் பண்ணக் கற்றுக் கொடுத்து அனுப்பக் கூடாதா?’ என்று கேட்டுவிட்டார். ஐந்து ரூபாய்க்கும் கணக்கெழுதி வைக்கும் பெண் அவள். அவள் அழுத அழுகையைச் சொல்லி முடியாது.

அந்தப் பேச்சில் ‘செட்’ என்ற ஓரொலியாக நின்றவை உண்மையில் மூன்று சொற்கள். மூன்றையும் பிரித்துக் காண்பது நேயர்களுக்குச் சுவை தரும் என்று நம்புகிறோம்.

முதலாவது, பழைய ஆங்கிலத்தின் வினைச்சொல். ‘உட்கார்’ என்று பொருள்படும் ‘சிட்’ என்னும் வினையின் பிறவினையே ‘செட்’. தமிழில் இரு என்பதிலிருந்து இருத்து, நில் என்பதிலிருந்து நிறுத்து, கிட என்பதிலிருந்து கிடத்து என்று வருவது போலவே, அங்கே தானாக அமர்வது ‘சிட்’; பிறிதொன்றை அமர்த்துவது ‘செட்’. கல்லை மோதிரத்தில் அமர்த்துவதும், கடிகார முள்ளை மணிக்கு நேராக அமர்த்துவதும், அச்செழுத்துக்களை வரிசையில் அமர்த்துவதும் இதன் பிள்ளைகள். இரண்டாவது, தொகுதி என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல். இது ஆங்கிலத்திற்குப் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலம் இலத்தீன். ஒருவரைப் பின்பற்றுவோர் கூட்டம் என்பது அங்கே பொருள். சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வயிற்றுப் பிள்ளைதான். எங்கோ பிறந்த இவ்விரண்டும் ஒரே ஒலியும் ஒரே எழுத்தும் பெற்றமையால், ஆங்கிலேயரே இவை ஒரு சொல் என்று எண்ணிப் பழகிவிட்டனர். மூன்றாவது நம்முடையது. செட்டு என்றால் தமிழில் வணிகம். அதன் வழியே சிக்கனம். ‘கட்டும் செட்டுமாக’ வாழ்ந்தார் என்றால், வரவறிந்து செலவு செய்து ஒழுங்காக வாழ்ந்தார் என்று பொருள். ஆயா பேசியது இந்தச் செட்டை. பேத்தி பேசியது அந்தச் செட்டை.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குள்ள பொருள்களை எண்ணினால் மலைப்பு உண்டாகும். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு இந்த வினைச்சொல்லுக்கே உரியதாயிருந்தது. தனித்து நிற்கும் வினைக்கு மட்டும் 430 பொருள்கள். துணைச்சொற்களோடு சேர்ந்து வருபவற்றையும் கூட்டினால் 580 வரை. அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சிறு நூல்! பின்னர் அகராதியைத் திருத்தி வந்தபோது அந்த முதலிடம் வேறு வினைகளுக்குப் போயிற்று. 2011ஆம் ஆண்டில், ஓடுதலைக் குறிக்கும் ‘ரன்’ 645 பொருள்களோடு முந்திக்கொண்டது. ஓடுகிற சொல் முந்துவது இயல்புதானே!

இத்தனை பொருள்களோடு ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலேயர் குழம்பாமல் வாழ்வது எப்படி? விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. பல பொருள் குறித்த ஒரு சொல்லைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் தனியே எடுத்துப் பேசுகிறார். அதன் பொருளைத் தெளிவிப்பவை அதனோடு சேரும் வினை, அதற்கு இனமாக வரும் சொல், அது வரும் சார்பு என்பது அவர் கண்ட முறை. மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. ‘மா’ வாய் திறந்து சொல்லாததைப் பக்கத்தில் நிற்கும் வினை சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்திலும் இதுவே நடக்கிறது. ஞாயிறு அருகே நின்றால் ‘செட்’ மறைதலாகும். எலும்பு அருகே நின்றால் பொருத்திக் கட்டுதலாகும். பொறி அருகே நின்றால் பதுக்கி வைத்தலாகும். அண்டை வீட்டாரைக் கொண்டு ஆளை அறிவது போலத்தான்.

இந்த அளவுகோலை நம் வழக்கின் மீது வைத்துப் பார்ப்போம். ‘செட்’ பெயர்ச்சொல்லாக வரும் இடங்களில் நமக்கு அதன் மீது பெரிய வழக்கு ஏதுமில்லை. பம்புசெட் என்றால் மோட்டாரும் நீர் இறைக்கும் எந்திரமும் இணைந்தது என்று தமிழ்நாட்டின் கிணற்றடியில் நிற்கும் எவரும் அறிவார். வானொலிப் பெட்டிக்கு ரேடியோ செட் என்று பெயர் வந்த காலத்தில் மின்கலம், ஒலிபெருக்கி, தலையில் மாட்டும் கேள்கருவி முதலியன தனித்தனியாக இருந்து ஒன்றாக இணைக்கப்பட்டன. அதற்கு ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமம் புதுப்பித்த வழக்கம் 1980களில் மறைந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் தலைமேல் அமர்வதால் ‘செட்டாப்’ என்று பெயர் பெற்ற பெட்டி, தொலைக்காட்சி தட்டையாகித் தலையே இல்லாமற்போன பின்னும் அப்பெயரோடு கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது. கர்நாடகத்தின் செட் தோசையோ மெத்தென்ற தோசைகள் இரண்டு அல்லது மூன்றை ஒரு தட்டில் அடுக்கித் தருவது. இவையெல்லாம் பக்கத்துச் சொல்லால் ஐயமின்றி விளங்குபவை. தோசைக்கு வேறு பெயர் தேடி அதை ஆறவிட வேண்டியதில்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. தொகுதி என்ற கருத்துக்குத் தமிழில் ஒரு சொல்லன்று, ஒரு பெருங்கூட்டமே உண்டு. பொருளுக்குப் பொருள் அது மாறும். செருப்பு ஒரு ஜதை. வளையல் ஒரு ஜோடி. ஒன்றனுள் ஒன்று அடங்கும் பாத்திரங்கள் ஓர் அடுக்கு. சாவி கொத்து, சீட்டு கட்டு, பல் வரிசை, நூல் தொகுதி. பஜனை பாடுவோர் கோஷ்டி. வடார்க்காட்டில் தெருக்கூத்து ஆடுவோர் ஜமா. ‘அவனும் நானும் ஒரே செட்டு’ என்று இன்று சொல்லும் இடத்தில், ‘என் சோட்டுப் பிள்ளைகள்’ என்று ஒத்த வயதினரை அழைக்கும் வழக்கை இன்றும் முதியோர் வாயில் கேட்கலாம். இச்சொற்களில் சில வடமொழியும் உருதுவும் தந்தவை. அதனால் அவை குறைந்துவிடவில்லை. ஒவ்வொன்றும் பொருள்கள் எவ்வாறு சேர்ந்திருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. கொத்து என்றால் ஒரு வளையத்தில் தொங்குவது. அடுக்கு என்றால் ஒன்றன்மேல் ஒன்று இருப்பது. ‘செட்’ என்பதில் அந்தக் காட்சி இல்லை.

நம் நிகண்டு நூலோர் இதில் எவ்வளவு கருத்துடையவர்கள் என்பதற்குத் திவாகரம் சான்று. அதன் பன்னிரண்டு தொகுதிகளுள் பதினோராவது, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. பன்னிரண்டாவதோ பல பொருள்களின் கூட்டத்துக்கு வழங்கும் ஒரு பெயரைக் கூறுவது; முக்கனி, ஐம்பூதம், நவமணி என்பன போன்றவை அந்த இனத்தைச் சேர்ந்தவை. இன்றைய பேச்சில் சொன்னால், அது செட்டுக்களின் அகராதி. 1870களில் ஜெர்மனியில் கேன்டர் என்னும் கணித அறிஞர் இத்தகைய தொகுதிகளையே ஒரு கணிதத் துறையாக்கினார். அதைத் தமிழில் சொல்ல நேர்ந்தபோது தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கணம்’ என்றன. இலங்கைப் பாடநூல்கள் ‘தொடை’ என்றன. பூதகணம் கேட்ட காதுக்கு முன்னது இயல்பு. பூத்தொடை கேட்ட காதுக்குப் பின்னது இயல்பு. காலைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கும் மாணவன் இரண்டாவது நாட்டில்தான் மிகுதியாக இருப்பான்.

பெயர்ச்சொல் நிற்க. கேடு நேர்வது வினையில். ‘செட் பண்ணு’, ‘செட் ஆகு’ என்னும் இரண்டும் வந்ததால் எவை வெளியேறின என்று ஒரு வீட்டின் ஒரு நாளைக் கொண்டு பார்க்கலாம். இரவு பால் உறை ஊற்றினால் காலையில் தயிர் உறையும், அல்லது தோயும். இப்போது தயிர் செட் ஆகிறது. வெல்லப்பாகு பதத்திற்கு வந்து இறுகும். இப்போது அதுவும் செட் ஆகிறது. பொழுது விடியும் முன் எழ அலாரம் வைப்போம், திருமணத்துக்கு நாள் குறிப்போம், வாடகை பேசி முடிப்போம், புதுச்செருப்பு காலுக்குப் பழகும், பிள்ளைகள் இருவர் ஒத்துப்போவர், வேலை அமையும், மருந்து உடம்புக்கு ஏற்கும், சட்டை அளவாகப் பொருந்தும். உறைதல், தோய்தல், இறுகுதல், வைத்தல், குறித்தல், முடித்தல், பழகுதல், ஒத்துப்போதல், அமைதல், ஏற்றல், பொருந்துதல் என்னும் பதினொரு வினைகளின் நாற்காலியில் இன்று ஒரே சொல் அமர்ந்திருக்கிறது. தொல்காப்பியர் காட்டிய முறைப்படி, பல பொருள் ஒரு சொல்லைத் தெளிவிக்கும் முதல் விளக்கு அதன் வினை. வினையே பல பொருள் ஒரு சொல்லாகிவிட்டால் விளக்கை ஏந்துபவர் யார்? ‘அண்ணி செட் ஆகலை’ என்பதில் அண்ணி ஊருக்குப் பழகவில்லையா, குடும்பத்தோடு ஒத்துப்போகவில்லையா, நமக்கு ஏற்றவளாக அமையவில்லையா? மூன்றும் மூன்று செய்திகள். முதலாவது பரிவு, மூன்றாவது பழி. கேட்பவர் தம் மனத்துக்கு வந்ததை எடுத்துக்கொள்கிறார்.

இன்னொரு சான்றைக் கொத்தனாரிடமிருந்தே பெறலாம். சிமெண்டுத் தளம் ‘காய்ந்துவிட்டது’ என்று நம்மில் பலர் சொல்கிறோம், அது தவறு. சிமெண்டு நீரை இழந்து கெட்டியாவதில்லை. நீரோடு கூடி, இரசாயன மாறுதலால் இறுகுகிறது. ஆகவேதான் தளம் போட்ட மறுநாள் முதல் அதன்மேல் பாத்தி கட்டி நீர் தேக்குகிறார்கள். காய்வதற்காக என்றால் நீர் ஊற்றுவார்களா? சாதாரண சிமெண்டு 30 நிமிடத்திற்குள் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்திற்குள் இறுகி முடியவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அவ்வாறு இறுகிய பின்னும் அது வலுப்பெற்றுக்கொண்டே போகிறது. இறுகுதல் வேறு, வலுப்பெறுதல் வேறு, காய்தல் வேறு. ‘செட் ஆச்சா?’ என்ற கேள்விக்கு இம்மூன்றில் எதற்கு விடை சொல்வது என்று தெரியாமல் முட்டுப்பலகையைப் பிரித்தால், விழுவது சொல்லன்று, தளம்.

தமிழிலும் இவ்வாறு எங்கும் நுழையும் வினை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, ‘வை’ என்பதுதான். பொட்டு வைக்கிறோம், பெயர் வைக்கிறோம், குழம்பு வைக்கிறோம், கடை வைக்கிறோம், கோழியை அடை வைக்கிறோம், தீ வைக்கிறோம், கண்ணி வைக்கிறோம். ஆங்கிலேயர் ‘செட்’ சொல்லும் இடங்கள் பலவற்றில் நாம் ‘வை’ சொல்கிறோம். ஒரு பொருளை ஓரிடத்தில் அமர்த்தும் வினை எல்லா மொழியிலும் இப்படித்தான் ஊர் சுற்றும் போலும். ஆனால் ‘வை’ மற்றவற்றின் சோற்றில் கைவைக்கவில்லை. கல்லைப் பதிப்போம், பாட்டுக்கு மெட்டு அமைப்போம், அச்சு கோப்போம், உண்பவர்க்கு இலை போடுவோம். எலும்பு முறிந்தால் கட்டுவோம். ஆந்திரத்துப் புத்தூரின் பெயரே தமிழில் ஒரு கட்டுக்குப் பெயராகிவிட்டது. பொழுது சாயும். இவை ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘செட்’ போதும். தமிழில் ஒவ்வொன்றும் தனி வினை.

தமிழ்நாட்டிலே இருப்பவர்க்கு இது மெல்ல நேரும் இழப்பு. அங்கே பாட்டி அடுத்த தெருவில் இருக்கிறார். தயிர் ‘தோயலை’ என்று நாள்தோறும் பேத்தி காதில் விழும். நீலசந்திராவிலோ தாராவியிலோ வளரும் பிள்ளைக்குத் தமிழ் என்பது வீட்டின் நான்கு சுவருக்குள் கேட்பது மட்டுமே. தாய் நாள்தோறும் ஒரே வினையைச் சொன்னால், மற்றப் பத்தும் அப்பிள்ளைக்குப் பிறக்கவே இல்லை. அடுத்த வீட்டுக் கன்னடத்தில் ‘ஹொந்திக்கொள்ளு’ என்று நல்ல வினை ஒன்று உண்டு. ஒத்துப்போதல், இணங்கிப் பொருந்துதல் என்பது பொருள். அதைச் சொல்லவேண்டிய இடத்தில் அவர்களும் ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்று பேருந்தில் இடம் கேட்கிறார்கள். நம் குறை நமக்கு மட்டும் உரியதன்று என்பதில் ஓர் ஆறுதல் உண்டு, பெரிய ஆறுதலன்று.

ஆரணிக்காரர் வீட்டுக் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். இரண்டு மாதம் கழித்துப் பொங்கலுக்கு ஆயாவே நீலசந்திராவுக்கு வந்தார். மருமகளின் கணக்குப் புத்தகத்தைக் கண்ணால் கண்டார். பேத்தியை அழைத்து, அன்று என்ன சொன்னாய் என்று கேட்டார். அவள் அதே சொல்லைச் சொன்னாள், பொருளும் சொன்னாள். ‘பழகலைன்னு சொல்றதுக்கு என்னடி?’ என்றார் ஆயா. சம்பந்தியம்மாளுக்குத் தொலைபேசியில் அவரே பேசினார். மறுநாள் காலை எல்லோரையும் கடைத்தெருச் சிற்றுண்டிச் சாலைக்கு அழைத்துச் சென்றனர். பரிமாறுபவர் செட் தோசை இருக்கிறது என்றதும் ஆயா முகம் மலர்ந்து, செட்டான தோசையென்றால் தமக்கும் அதுவே ஒன்று போதும் என்றார். தட்டில் மூன்று தோசைகள் வந்தன. ஆயா தோசையையும் பார்த்தார். விலைப்பலகையையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, ‘இதுவாம்மா செட்டு?’ என்றார்.